மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்

அன்புள்ள தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டாய். மாப்பிள்ளையிடம் கொடு என்றேன், வெளியே போயிருக்கிறார் என்றாய். முந்தின வாரமும் வெளியேதான் போயிருந்தார். சரி, வேலை இருக்கும்.

அன்றைக்கு உனக்கு ஒரு கணக்கு சொல்ல நினைத்தேன். பத்தாவது படிக்கும்போது 2-இன் 11-ஆம் அடுக்கில் 1 கழித்து, 2047 என்பது 23 × 89 என்று நீயாகக் கண்டுபிடித்தாயே, அந்த நோட்டு இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. அந்த வயதில் எனக்கு அது தெரியாது.

அதே கணக்குதான், 11-க்குப் பதில் 67. விடை 14,75,73,95,25,89,67,64,12,927. இது பகா எண் என்று 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி எழுதிவைத்தார். 1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர், அது பகா எண் இல்லை என்று நிரூபித்தார். எதால் வகுபடும் என்று அவருக்கே தெரியாது. அதற்கப்புறம் 27 வருஷம் யாருக்கும் தெரியவில்லை. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். காரணி தெரியாமல், பிரியும் என்று மட்டும் எப்படி சார் தெரியும் என்பார்கள்.

தெரியும் அம்மா.

1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் கோல் என்பவர் எழுந்து போய், பலகையில் ஒரு பக்கம் இந்த எண்ணை எழுதினாராம். மறுபக்கம் 19,37,07,721-ஐயும் 7,61,83,82,57,287-ஐயும் பெருக்கிக் காட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தாராம். இரண்டும் ஒன்றாக வந்ததும் கூட்டமே கைதட்டியது என்பார்கள். எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். காரணி எதுவானாலும் அதை 134-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். இரண்டில் சின்னக் காரணியை எட்டுவதற்குள்ளேயே அப்படி 14 லட்சத்துக்கு மேல் எண்கள் இருக்கின்றன. அவற்றைச் சலித்துச் சலித்துக் கழித்திருக்கிறார், கையாலேயே.

அவர் வாயைத் திறக்கவில்லை என்றாலும் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினார். நீ எழுதவும் மாட்டேன் என்கிறாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தப் பிடிவாதம். அதனால்தான் இத்தனை தூரம் போய் உன் காலில் நிற்கிறாய், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் ராத்திரி பட்டினி படுக்காதே. குரலே சரியில்லை என்று அம்மா சொல்கிறாள். நான் சளி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

பெரியத்தை கேட்டதற்கும் நான் பதில் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

பொங்கலுக்கு ரயில் டிக்கெட் இப்போதே போட்டால்தான் கிடைக்கும். ஒன்றா இரண்டா என்று மட்டும் எழுது. எதுவானாலும் போட்டுவிடுகிறேன். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது, வெள்ளையடித்தாயிற்று. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா