உடற்பயிற்சி சைக்கிள் வாங்குமுன்: நம் தாமான் சங்கச் செயலவைக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட்

குடியிருப்பாளர் சங்கத் தலைவர், செயலாளர், செயலவை உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் வீடு வீடாக வந்த சுற்றறிக்கை என் கையில் இருக்கிறது. இணையத்தோடு இணைகிற உடற்பயிற்சி சைக்கிளை மொத்தமாகப் பேசி வாங்கினால் விலை குறையும், விருப்பமுள்ள குடும்பங்கள் பெயர் கொடுக்கலாம், பெலோட்டன், நோர்டிக்ட்ராக், எச்சலன் என்ற மூன்று நிறுவனங்களில் எது என்பதை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்யலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு சொன்னது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களான நாம்தான் முன்னணியில். நம் லோரோங்கில், அதாவது இந்தச் சந்தில், காலையில் ஊசி போட்டுக்கொண்டு பசியாறுகிறவர்களை எண்ண எனக்கு இரண்டு கை விரலும் போதவில்லை. பால்மரம் வெட்டிய காலத்தில் இருட்டோடு பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று, மரத்துக்கு மரம் நடந்து, வெயில் ஏறியதும் பால் வாளியைத் தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் தூக்கி வந்த ஜனம் நாம். அந்த நடை போய்விட்டது. சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை.

ஆகவே சைக்கிள் வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. எந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கை தூக்குவது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். முப்பத்தொரு வருடம் செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்தவன். ஸ்க்ரூ பிரஸ்ஸையும் கன்வேயரையும் கழற்றிக் கழற்றி மாட்டிய கை இது. எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் இது எங்கே நின்று போகும், நின்றால் யார் வந்து பார்ப்பார்கள் என்றுதான் முதலில் யோசிக்கத் தோன்றும்.

என் வீட்டிலேயே இப்படி ஒரு சைக்கிள் இருப்பது உங்களில் சிலருக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் மகள் வாங்கி அனுப்பியது. எந்த நிறுவனம் என்பது வேண்டாம், அது என் சண்டை. பெரிய திரை, பளபளப்பான கறுப்புச் சட்டம், திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் "கம் ஆன்" என்று கத்திக்கொண்டே இருப்பாள். வீட்டுக்காரம்மாவுக்கு அவள் பேச்சு பாதி புரியாது, ஆனால் சிரிப்பு பிடிக்கும். மாலையில் அரை மணி நேரம் மிதிப்பார். எட்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது.

ஒருநாள் காலையில் திரை தானாக ஏதோ புதுப்பித்துக்கொண்டது. அப்புறம் 'உள்நுழையவும்' என்றது. நுழைந்தால், சந்தா காலாவதி என்றது. மகளின் பழைய வங்கி அட்டையில் இருந்து பணம் போய்க்கொண்டிருந்திருக்கிறது, அட்டை மாறியதும் நின்றுவிட்டது. சரி, கட்டிவிடலாம் என்று பார்த்தால் நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பட்டியலில் மலேசியாவே இல்லை. அதுகூடப் பரவாயில்லை. சைக்கிளில் ஏறி மிதித்தால் கால் காற்றில் சுற்றுகிறது. கனத்தைக் கூட்டும் குறைக்கும் வேலை முழுவதும் திரை வழியாகத்தான். திரை வேலை செய்யாவிட்டால் சைக்கிளுக்குக் கனமே இல்லை. நல்ல இரும்பு, நல்ல பெல்ட், நல்ல பேரிங். எல்லாம் இருந்தும் என்ன பயன்?

கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஓர் அலுமினியச் சக்கரம், அதன் விளிம்பை ஒட்டினாற்போல் காந்தங்கள் பதித்த ஒரு வில். காந்தம் சக்கரத்துக்குக் கிட்டே போகப் போகச் சக்கரத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகும், அந்த மின்னோட்டம் சுற்றுவதை எதிர்க்கும், மிதிக்கக் கனமாகும். ஒன்றோடொன்று உரசுவதே இல்லை, அதனால் தேய்மானம் இல்லை. மலிவான சைக்கிள்களில் காந்தத்துக்குப் பதிலாகக் கம்பளித் துண்டு சக்கரத்தை அழுத்தும். அது தேய்ந்து தேய்ந்து சத்தம் போடும், அடிக்கடி மாற்ற வேண்டும். காந்த முறைதான் உயர்ந்தது, அதில் சந்தேகமே இல்லை. என் சைக்கிளில் அந்தக் காந்த வில்லை நகர்த்தும் சின்ன மோட்டாருக்குக் கட்டளை வரும் வழி மட்டும் அடைபட்டுக் கிடந்தது. மோட்டாரைக் கழற்றினேன். பெரிய ரோட்டில் உள்ள சைக்கிள் கடையில் ஒரு கியர் கேபிளும் லீவரும் வாங்கி வந்து காந்த வில்லோடு இணைத்தேன். லீவரைத் தள்ளினால் கனம், இழுத்தால் லேசு. செலவு பதினெட்டு வெள்ளி (ரிங்கிட்). இன்றுவரை ஓடுகிறது.

எல்லா வீட்டிலும் ஃபிட்டர் இருக்க மாட்டான். அதனால்தான் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை எந்த விற்பனையாளர் வந்தாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: வை-ஃபையை அணைத்து, சந்தாவும் இல்லாமல், இந்தச் சைக்கிள் என்ன செய்யும்? வாயால் பதில் வேண்டாம். நம் கண் முன்னே அணைத்துவிட்டு மிதித்துக் காட்டட்டும்.

இது என் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். 2021இல் நோர்டிக்ட்ராக்கின் ஓடுபொறி (டிரெட்மில்) ஒன்றில், திரையைப் பத்து முறை தட்டி, ஏழு வினாடி பொறுத்து, மறுபடியும் பத்து முறை தட்டினால் உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டு திறந்துவிடும் என்று வாங்கியவர்கள் கண்டுபிடித்து, ஓடிக்கொண்டே தங்களுக்குப் பிடித்த படத்தைப் பார்த்தார்கள். நாலாயிரம் டாலர் கொடுத்து வாங்கிய பொருள். நிறுவனம் புதுப்பிப்பு ஒன்றை அனுப்பி அந்த வழியை மூடியது. எச்சலன் 2025 ஜூலையில் அனுப்பிய புதுப்பிப்புக்குப் பின், இயந்திரம் ஒழுங்காக வேலை செய்ய நிறுவனத்தின் சர்வரோடு பேசியாக வேண்டும் என்று ஆனது. அதுவரை வேறு ஆப்களோடு இணைத்து ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது நின்று போனது. உங்கள் பட்டியலில் உள்ள மூன்றில் இரண்டு இவை.

மூன்றாவது பெலோட்டன். அதைப் பற்றி நியாயமாகவே பேசுகிறேன். அவர்களுடைய முதல் சைக்கிளில் கனத்தைக் கூட்டுவது கையால் திருப்பும் குமிழ்தான், சந்தா இல்லாவிட்டாலும் மிதிக்கலாம். என் கண்ணுக்கு அது நல்ல வடிவமைப்பு. வகுப்புகளும் தரமானவை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் அந்த வகுப்புகளுக்காகத்தான் அதை வாங்குகிறோம், அதற்குத்தான் சந்தா. அமெரிக்காவில் அது மாதம் 39 டாலராக இருந்தது. 2022 ஜூனில் 44 ஆனது, 2025 அக்டோபரில் 49.99 ஆனது. நம் கணக்கில் இருநூறு வெள்ளியைச் சுற்றி வரும். இங்கே குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி. ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கைச் சைக்கிள் தின்றுவிடும். அதோடு நம் நாட்டில் அவர்கள் நேரடியாக விற்பதில்லை. யாரோ இறக்குமதி செய்து தருவதாகச் சொல்கிறார்கள் என்றால், வாரண்டியும் அந்த யாரோவின் சட்டைப் பையில்தான்.

2023 மே மாதம் பெலோட்டன் அமெரிக்காவில் சுமார் இருபத்திரண்டு லட்சம் சைக்கிள்களின் இருக்கைத் தண்டைத் திரும்பப் பெற்றது. ஓட்டும்போதே உடைந்து சிலர் விழுந்ததால் வந்த முடிவு. அங்கே உள்ளவர்களுக்குப் புதுத் தண்டு இலவசமாகத் தபாலில் போனது. சுங்கை சிப்புட்டில் ஒரு வீட்டுக்கு அந்தத் தண்டு எப்படி வந்து சேரும்? இதையும் அந்த இறக்குமதிக்காரரிடம் கேளுங்கள். தப்பு செய்து ஒப்புக்கொண்டு மாற்றித் தரும் நிறுவனம் நல்ல நிறுவனம்தான். அந்த நல்லது நம் வாசல் வரை வருமா என்பதுதான் என் கவலை.

இன்னொன்று, நிறுவனம் இருந்தால்தானே. சுவரில் மாட்டும் கண்ணாடி ஒன்றில் பயிற்சியாளர் தெரிவார், 'மிரர்' என்று பெயர். 2020இல் உடற்பயிற்சி உடை விற்கும் லுலுலெமன் அந்த நிறுவனத்தை ஐம்பது கோடி டாலருக்கு வாங்கியது. மூன்றே வருடத்தில் அந்தக் கண்ணாடியை விற்பதையே நிறுத்தியது. உடற்பயிற்சிக் கருவி செய்யும் போஃப்ளெக்ஸ், பழைய நாட்டிலஸ்தான், எத்தனை வருடப் பெயர்! 2024 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. தைவானின் ஜோன்சன் ஹெல்த் டெக் அதை வாங்கிக்கொண்டது. தோட்டங்கள் கை மாறிக் கை மாறிப் போனதைப் பார்த்தவர்கள் நாம். 1960களில் மந்திரியாக இருந்த சம்பந்தன் ஐயா ஆளுக்குப் பத்து வெள்ளி சேர்த்துக் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் தோட்டம் வாங்கியது எதற்காக? முதலாளி விற்றால் நாம் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்றுதானே. சைக்கிளை அதோடு ஒப்பிடுவது அதிகம் என்று செயலாளர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

சரி, எதைத்தான் வாங்குவது? என் கருத்தைச் சொல்கிறேன். திரை ஒட்டிய சைக்கிளே வேண்டாம். காந்த முறை, கையால் திருப்பும் குமிழ் அல்லது தன் சொந்தப் பொத்தான்கள், பேட்டரியில் ஓடும் சின்ன எண் பலகை, அதோடு புளூடூத்தில் 'எஃப்டிஎம்எஸ்' இருக்க வேண்டும். பெயர் பயமுறுத்துகிறது, விஷயம் எளிது. உடற்பயிற்சி இயந்திரங்கள் வேகத்தையும் கனத்தையும் எப்படிச் சொல்ல வேண்டும் என்று 2017இல் புளூடூத் அமைப்பு வகுத்த பொது மொழி அது. நம் வீட்டு மூன்று முனை பிளக் மாதிரி. எந்தக் கடையில் வாங்கிய இஸ்திரிப் பெட்டியும் எந்த வீட்டுச் சுவரிலும் சொருகும் அல்லவா? அப்படி, எஃப்டிஎம்எஸ் பேசும் சைக்கிளை ஸ்விஃப்ட் (Zwift), கினோமேப் போன்ற உடற்பயிற்சி ஆப்களில் எதோடும் இணைக்கலாம். பிடிக்காவிட்டால் மாற்றலாம், எதுவும் வேண்டாம் என்றால் போனைக் கைப்பிடியில் வைத்து எம்.எஸ்.வி. பாட்டைப் போட்டுக்கொண்டு மிதிக்கலாம். போன் பழசானால் போனை மாற்றுவோம், சைக்கிள் அப்படியே இருக்கும். பெட்டியில் 'புளூடூத்' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. அந்த நிறுவனத்தின் ஆப்போடு மட்டும் பேசுகிற புளூடூத்தும் உண்டு. பக்கத்தில் நின்று வேறொரு ஆப்பில் இணைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம்.

நடுவில் ஒரு பேச்சு. சில குடும்பங்கள் சைக்கிளுக்குப் பதில் ஓடுபொறி கேட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பேரப்பிள்ளைகள் ஓடித் திரியும் வீடுகளில் தயவுசெய்து வேண்டாம். பெலோட்டனின் டிரெட் பிளஸ் ஓடுபொறியை 2021 மே மாதம் திரும்பப் பெற்றார்கள். பின்பக்கம் பிள்ளைகள் உள்ளே இழுபட்ட சம்பவங்கள், ஒரு பிள்ளையின் உயிரும் போனது. அப்புறம் பூட்டு ஒன்று வைத்தார்கள், தொடக்கத்தில் அந்தப் பூட்டைப் பயன்படுத்தவே சந்தா வேண்டும் என்று ஆகி ஊர் சிரித்தது. தவிர, அமெரிக்காவுக்கென்று செய்த ஓடுபொறி அங்கத்திய 120 வோல்ட் மின்சாரத்துக்கானது. நம் ஊர் மின்சாரம் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் மோட்டாரின் தகட்டைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய சங்கதிகள் எந்த விளம்பரத்திலும் இருக்காது. நம் பேரா மாநிலத்தில் மாலை இடி எப்படி இறங்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவரில் சொருகிய எதுவும் அப்போது ஆபத்துதான். மின்சாரமே வேண்டாத, மிதிக்கும்போதே தனக்கு வேண்டியதை உண்டாக்கிக்கொள்ளும் சைக்கிள்களும் உண்டு, அப்படிக் கிடைத்தால் நிம்மதி. என் சைக்கிளின் கட்டுப்பாட்டுப் பலகையைக் கழற்றியபோது உள்ளே சின்ன எறும்புகள் முட்டையோடு குடியிருந்தன, ஓரத்தில் காய்ந்த பல்லி ஒன்று. வியர்வை சொட்டிச் சொட்டிக் கைப்பிடித் திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. சூடான, ஈரமான ஊரில் திரையும் பலகையும் எத்தனைக்கெத்தனை குறைவோ அத்தனைக்கத்தனை நல்லது.

ரிப்பேர் யார் செய்வார்கள்? ஈப்போ அரை மணி நேர ஓட்டம். அங்கே கடை வைத்திருக்கும், தன் ஆளை அனுப்பும், உதிரிப் பாகம் கையிருப்பில் வைத்திருக்கும் விற்பனையாளரிடம் சற்றுக் கூடுதல் விலைக்கு வாங்குவதை நான் ஆதரிப்பேன். பெல்ட், பெடல், பேரிங், இருக்கை நான்கும் சாதாரண அளவில் இருந்தால் நம் சைக்கிள் கடையிலேயே மாற்றிவிடலாம். பெடலின் திருகு மரை 9/16 அங்குலமா என்று மட்டும் பாருங்கள், கடையில் கிடைக்கும் பெரும்பாலான பெடல் அந்த அளவுதான்.

சந்தாவுக்கு என்று சுற்றறிக்கையில் ஒதுக்கியிருக்கும் தொகைக்கு வேறு யோசனை உண்டு. வாரம் இரண்டு மாலை, பாலாய் ராயா பொது மண்டபத்தில் நான்கு சைக்கிளைப் போட்டு, உடற்பயிற்சி படித்த நம் ஊர்ப் பிள்ளை ஒருவருக்கு அந்தப் பணத்தைக் கொடுத்துத் தமிழில் சொல்லித்தரச் சொல்லலாம். முழங்கால் வலிக்கிறது என்று ஆச்சி சொன்னால் அந்தப் பிள்ளைக்குக் காது கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நானும் வருகிறேன். எறும்பு குடியிருந்த அந்தப் பலகையை மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறேன், கொண்டுவருகிறேன். கேபிள் லீவர் போட்ட சைக்கிளைப் பார்க்க விரும்புகிறவர்கள் எந்த நாளும் மாலை ஐந்துக்கு மேல் வரலாம், ஆறரை மணிக்கு வீட்டுக்காரம்மா ஏறிவிடுவார், அதற்குள் இறங்கிவிட வேண்டும்.

இப்படிக்கு,
மூன்றாவது லோரோங், கோடி வீட்டு ஃபிட்டர்