பீன்ஸ் ஜாடியைத் திறக்காதே, தேவி

அன்புள்ள தேவிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சின்னத்தை பேத்திக்குத் தை மாசம் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், பத்திரிகை வரும். குன்னூரில் மழை பிடித்துவிட்டது. மற்ற சேதி அப்புறம்.

கெடாமல் வைத்துக்கொள்ள நீ அடைத்து வைத்த அந்தப் பீன்ஸ் ஜாடிகளைத் திறக்காதே. போனில் சொன்னேன், "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். உன் "சரிம்மா" எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். அடுப்பில் இருப்பது சாதாரணப் பாத்திரம். அதில் கொதிக்கிற தண்ணீருக்குள் ஜாடிகள் முங்கி நிற்கின்றன. போன வருஷம் தக்காளியை அப்படித்தான் செய்தாய், ஒன்றும் ஆகவில்லை. காரணம் தக்காளியின் புளிப்பு. அதற்கே அரை லிட்டர் ஜாடிக்கு ஒரு மேசைக்கரண்டி பாட்டில் எலுமிச்சைச் சாறு விடச் சொன்னேன். வீட்டில் பிழியும் பழத்தில் புளிப்பு ஏறும், இறங்கும். பாட்டில் சாற்றில் ஒரே அளவு. பீன்ஸில் அந்தப் புளிப்பு கிடையாது. கேரட், பீட்ரூட், சோளம் எல்லாம் அப்படியே.

மண்ணில் இருக்கிற பொட்டுலிசம் கிருமியின் வித்து கொதிநீரில் சாகாது. காற்றில்லாத ஜாடிக்குள் புளிப்பும் இல்லையென்றால் அது முளைத்து விஷம் கக்கும். மூடி 'டக்'கென்று உள்வாங்கியது என்று சந்தோஷமாகச் சொன்னாயே, காற்றுப் போகாமல் மூடியிருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. வாசனை மாறாமல், நிறம் மாறாமலும் விஷம் இருக்கலாம். கண் இரட்டையாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போ. சாப்பிட்டு ஒரு நாள் கழித்தும் வரலாம். இதை எழுதவே கை கூசுகிறது. ஆனால் பழம் பதனிடும் நிலையத்தில் வேலை பார்த்தவள் பெற்ற பெண் நீ, உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்?

இன்னொன்று, உன் ஊரும் மேடு. மேட்டுப்பாளையம் பெரியம்மா இங்கே வந்தால் பருப்பு வேகவில்லை என்று புலம்புவாளே, ஞாபகம் இருக்கிறதா? குன்னூரில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கனடாவில் உன் கால்கரி ஆயிரம் மீட்டருக்கு மேலே, அங்கே 96, 97. அந்த வித்து சாக 116 டிகிரிக்கு மேல் வேண்டும். எத்தனை மணி நேரம் கொதித்தாலும் திறந்த பாத்திரத்தில் அந்தச் சூடு ஏறாது, ஆவியை அடைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

நான் கொடுத்தனுப்பிய குக்கரிலும் செய்யாதே. அது சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடும், அளவு நேரம் அதற்குப் பொருந்தாது. இதற்கென்றே பெரிய பிரஷர் கேனர் விற்கிறார்கள். மூடி போட்டதும் ஆவியைப் பத்து நிமிஷம் விடாமல் வெளியே போகவிட்டு, அதற்குப் பிறகே வெயிட் போடு. உன் உயரத்துக்கு 15 பவுண்டு வெயிட். பீன்ஸுக்கு அரை லிட்டர் ஜாடி என்றால் 20 நிமிஷம், ஒரு லிட்டர் என்றால் 25. தானாக ஆறட்டும், தண்ணீர் ஊற்றி ஆற்றாதே. இதெல்லாம் முடியாதென்றால் 5 சதவீத வினிகரில் ஊறுகாயாகப் போடு, அதற்குக் கொதிநீர் போதும். இல்லையா, மூன்று நிமிஷம் கொதிநீரில் போட்டெடுத்து, ஐஸ் தண்ணீரில் ஆற்றி, ஃப்ரீசரில் வைத்துவிடு.

ஜூனில் விதைத்து, செப்டம்பரில் பனி விழுவதற்குள் பறித்துவிட வேண்டிய ஊரில் இவ்வளவு பீன்ஸ் எடுத்திருக்கிறாய். படத்தைத் தெருவில் எல்லோருக்கும் காட்டினேன். இங்கே தோட்டத்துக்கு ஒரு வாளி தண்ணீர் தூக்க அழுதவள் நீ. அவ்வளவு காயைத் தனியாகவே நறுக்கினாயா? போன வருஷப் படத்தில் மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டுத் தக்காளித் தோல் உரித்துக்கொண்டு நிற்பார். அப்போது எல்லாம் ஒரு லிட்டர் ஜாடி. இந்த வருஷம் ஒன்றுகூடப் பெரிசு இல்லை. உன் வீட்டு அளவு உனக்குத் தெரியும், நான் எதுவும் கேட்கவில்லை. தீபாவளிக்கு மூன்று பேரும் பேசுவோம் என்று அண்ணன் ஏற்பாடு செய்தானே, அன்றைக்கு அவருக்கு வேலை என்றாய். அவன் நம்பினான்.

ஜாடிகளைத் திறக்காமலே கனமான பையில் கட்டிக் குப்பையில் போடு. உழைப்பு போகிறதே என்று பார்க்காதே. ஒன்றை மட்டும் கொதிக்கவைத்துச் சாப்பிட்டுப் பார்ப்போம் என்ற எண்ணமும் வேண்டாம். தக்காளி இருக்கட்டும், எலுமிச்சை விட்டிருந்தால்.

பிரஷர் கேனர் வெறும் பாத்திரமே கனம். வாங்கினால் அலமாரி மேலே வைக்காதே. இறக்கித் தர வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

என் பாஸ்போர்ட் புதுப்பித்து வந்துவிட்டது. அண்ணன் விசாவுக்குப் போடலாம் என்கிறான். விதைக்கிற நேரத்துக்கு வந்தால் அறுவடை வரைக்கும் இருப்பேன். இப்போது வராதே என்றால் அதையும் எழுது, கோபப்பட மாட்டேன். ஆனால் "சரிம்மா" என்று மட்டும் எழுதாதே.

அன்புடன்,
அம்மா