மாமா, அந்தச் சாம்பலை இப்போதைக்கு அள்ள வேண்டாம்

அன்புள்ள மாமாவுக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். எடுத்தாலும் “சரிம்மா, பாத்துக்கலாம்மா” என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன், தம்பி படித்துக் காட்டுவான். வீட்டுச் சமாச்சாரத்தை நாலு பேர் பார்க்கிற மாதிரி எழுதிவிட்டாளே என்று கோபம் வரும். வரட்டும். பண்ருட்டி பக்கம் முந்திரிக்காட்டு ஊர்களில் உங்களை மாதிரி கூரை வீட்டில் இருக்கிற இன்னொருவர் இதைப் பார்த்துவிட்டு ஒரு காகிதத்தையாவது எடுத்துப் பத்திரமாக வைத்தால், உங்கள் கோபத்தை நான் வாங்கிக்கொள்கிறேன்.

முதலில் அவசரமான விஷயம். வீடு எரிந்த சாம்பலை அள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆள் விட்டு எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிட்டு, நாலு மூங்கில் வாங்கி மறுபடியும் கரும்புச் சோகை வேய்ந்துவிடப் போவதாக அத்தை சொன்னார். வேண்டாம் மாமா. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போகிற வரைக்கும் அது அப்படியே கிடக்கட்டும். தலையாரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது கணக்கில் வராது. தம்பியை விட்டு நாலு பக்கத்திலிருந்தும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், நீங்களும் அத்தையும் வாசலில் நிற்கிற மாதிரி ஒன்று, உள்ளே அடுப்பு இருந்த இடம் தெரிகிற மாதிரி ஒன்று.

ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறேன் என்றால், எனக்கு நடந்தது அப்படி. உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனால் பாதிதான் தெரியும்.

2024-ல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நாங்கள் பெண்ணையாற்றுக் கரையில் இருந்துகொண்டு, காற்று நின்றுவிட்டது, கூரை தப்பித்தது என்று ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாகக் கஞ்சி குடித்தோம். எங்களை அடித்தது புயல் இல்லை, அதற்கு மேற்கே திருவண்ணாமலைப் பக்கம் பெய்த மழை. திங்கட்கிழமை விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கனஅடி திறந்துவிட்டார்கள். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு சொல்லிக்கொண்டு போனார்கள், உண்மைதான், ஆனால் 1.68 லட்சம் கனஅடி என்றால் நம்ம வீட்டுத் திண்ணைக்கு எத்தனை அடி என்று யாருக்குத் தெரியும்? குழந்தையையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். உச்சிமேடு, நாணமேடு, உப்பலவாடி என்று ஆற்றோர ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் அன்றைக்கு அதே ஓட்டம்தான்.

தண்ணீர் வடிந்து திரும்பி வந்தபோது வீடு நின்றுகொண்டிருந்தது. இடுப்புயரத்துக்குச் சேறு கோடு போட்டிருந்தது, உள்ளே ஒன்றும் உருப்படியில்லை, ஆனால் நான்கு சுவரும் நின்றன. கணக்கெடுக்க வந்தவர் வெளியே நின்றபடியே பார்த்து ‘பகுதி சேதம்’ என்று எழுதிக்கொண்டு போனார். அவர் போய் இரண்டாம் நாள் நல்ல வெயில் அடித்தது. மண் சுவர் தண்ணீரில் ஊறுகிறபோது விழாமல் நின்றாலும் மாமா, காய ஆரம்பிக்கும்போது விழலாம். மத்தியானம் மூன்று மணிக்குப் பின்பக்கச் சுவர், ஒரு சத்தமும் இல்லாமல், மாடு உட்கார்கிற மாதிரி உட்கார்ந்தது. அதன் மேலே கூரை.

வீடு முழுதாகப் போய்விட்டது, காகிதத்தில் மட்டும் பாதி வீடு இருந்தது.

அந்தப் பாதியை முழுசாக்க நான் ஒரு அலுவலகத்துக்கு ஐந்து தடவை நடந்தேன். முதல் தடவை “லிஸ்ட் போயாச்சும்மா” என்றார்கள். இரண்டாவது தடவை, மீதிச் சுவரை நாங்களே இடித்துவிட்டு வந்து நிற்கிறோமா என்று கேட்டார்கள். என் தப்பும் இருக்கிறது. குழந்தை ஏறி விளையாடும், பாம்பு வரும் என்று பயந்து, விழுந்த மண்ணை மறுநாளே அள்ளிக் கொட்டிவிட்டேன். போட்டோ கிடையாது. வெறும் தரையைக் காட்டி இங்கே சுவர் இருந்தது என்று சொன்னால் யார் நம்புவார்? சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய் என்றும், முழுசாகப் போன குடிசைக்குக் கலைஞர் கனவு இல்லம் என்கிற அரசு வீட்டுத் திட்டத்தில் முன்னுரிமை என்றும் அறிவித்திருந்தார்கள். அந்த முன்னுரிமைக்குப் போகிற வழியை என் மண்வெட்டியே அடைத்துவிட்டது.

(அப்போது இன்னொரு கூத்தும் நடந்தது. எங்களுக்குக் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாயும் அரிசி, பருப்பு, சர்க்கரையும். ஆற்றைத் தாண்டினால் பாகூர், அது புதுச்சேரி, அங்கே அட்டைக்கு 5,000. ஒரே ஆறு, ஒரே சேறு.)

சரி, ஐந்தாவது தடவை என்ன ஆனது என்பது உங்களுக்கே தெரியும், ஏனென்றால் அன்றைக்கு நீங்கள் வந்தீர்கள். டி.வி.எஸ். எக்ஸெல்லில் ஒரு சிப்பம் அரிசியையும் பலாக்காய் ஒன்றையும் கட்டிக்கொண்டு பண்ருட்டியிலிருந்து வந்து, என்னை மரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டு, எனக்குப் பதிலாக இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றீர்கள். ஜன்னலில் இருந்தவர் எரிந்து விழுந்தபோது “ஏன் சார் வெரட்டுறீங்க, அது என்ன உங்க வீட்டுக் காசா? அந்தப் பொண்ணுக்குச் சேர வேண்டியதைத்தானே கேக்குது?” என்றீர்கள். வரிசையே திரும்பிப் பார்த்தது. மறுபடியும் வந்து பார்த்தார்கள், திருத்தி எழுதினார்கள்.

அதே மாமா இன்று “நான் போய் எவன்கிட்டயும் கையேந்த மாட்டேன்” என்கிறார்.

நானும் இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன், இது எங்கிருந்து வருகிறது என்று. வெள்ளத்தில் எனக்கு வெட்கமே இல்லை. ஊரே நனைந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே அண்டாவில் எல்லாருக்கும் சாம்பார் சாதம், எல்லார் புடவையிலும் அதே சேறு. அதிகாரிகளே ஊருக்குள் வந்தார்கள், மந்திரிகள் வந்தார்கள், டி.வி.க்காரர்கள் வந்தார்கள். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருந்தது, அப்போது நீங்களும்தான் வரிசையில் நின்றீர்கள், ரோஷம் பார்க்கவில்லை. ஒற்றை வீடு எரிந்தால் கதை வேறு. தெருவில் பக்கத்து வீடு அப்படியே இருக்கிறது, எதிர்வீட்டில் டி.வி. ஓடுகிறது, உங்கள் வீடு மட்டும் கறுப்பாக நிற்கிறது. யாரும் வர மாட்டார்கள், நீங்கள்தான் போக வேண்டும், அதுவும் தனியாக. “அடுப்பைப் பார்த்து அணைக்கத் தெரியாதா” என்று போகிற இடமெல்லாம் ஒருவர் கேட்பார். அதுதான் உங்களைத் தடுக்கிறது என்று நினைக்கிறேன். அத்தை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பதும் அதனால்தான். தயவுசெய்து அத்தையை ஒன்றும் கேட்காதீர்கள்.

ஆனால் மாமா, தீயும் அரசாங்கத்தின் பேரிடர்ப் பட்டியலில் இருக்கிறது. புயல், வெள்ளம், சுனாமி என்று போகிற அதே வரிசையில் தீ விபத்தும் உண்டு. 2022-ல் மத்திய அரசு போட்ட நிவாரண விதியில் குடிசைக்கு 8,000 ரூபாய், துணிமணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500 என்று இருக்கிறது. வீடு கட்ட இது காணாது, எனக்கும் தெரியும். மூன்று மூட்டை முந்திரிக்கொட்டைக்கே காணாது. அந்த மூட்டைகள்தான் தீயை அணைய விடவில்லை என்று தீயணைப்புக்காரர் சொன்னாராம், தோட்டுக்குள் இருக்கிற எண்ணெய் அப்படி. வியாழக்கிழமை நான் வந்தபோதுகூட மூலையில் புகைந்துகொண்டுதான் இருந்தது, அந்தக் காரநெடி என் துப்பட்டாவை இரண்டு தடவை துவைத்தும் போகவில்லை.

அந்த டிரங்குப் பெட்டியை நீங்கள் திறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். தகரம் தாங்கியிருக்கும் என்று நம்பித் திறந்தீர்கள். உள்ளே எல்லாக் காகிதமும் அடுக்கு கலையாமல் இருந்தது, கறுப்பாக, எழுத்துக்கூடப் பளபளவென்று தெரிந்தது. தம்பியின் மார்க் ஷீட்டை நீங்கள் இரண்டு விரலால் தூக்கினீர்கள், விபூதி மாதிரி கொட்டியது. ரேஷன் கார்டு சுருண்டு கொட்டாங்குச்சி ஓடு மாதிரி ஆகிவிட்டிருந்தது. நீங்கள் பெட்டியை மூடிவிட்டு, மூடின பெட்டிக்குப் பூட்டும் போட்டீர்கள்.

அதில் எதுவும் திரும்ப வராதது இல்லை மாமா. பட்டா எரிந்தால் நிலம் எரிந்ததாகாது, பதிவேடு தாலுகாவில் இருக்கிறது, புல எண் தெரிந்தால் இணையத்திலிருந்தே நகல் எடுத்துக்கொள்ளலாம், நான் எடுத்து வைக்கிறேன். ரேஷன் கார்டும் ஆதாரும் எண் இருந்தால் மறுபடி வாங்கிவிடலாம், என் போனில் உங்கள் எண்கள் இருக்கின்றன, வெள்ளம் வந்த பிறகு சொந்தக்காரர் எல்லார் கார்டையும் போட்டோ எடுத்து வைக்கிற வியாதி எனக்கு வந்துவிட்டது. தம்பியின் மார்க் ஷீட்டுக்குத்தான் கொஞ்சம் நடக்க வேண்டும். பேரிடரில் கல்விச் சான்றிதழ் போனதற்கென்றே வருவாய்த் துறையில் ஒரு சான்று உண்டு, இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். அதை வாங்கிக்கொண்டு பள்ளித் தலைமையாசிரியர் வழியாக நகலுக்கு எழுத வேண்டும். காவல் நிலையத்தில் ஒரு புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள், எங்கே போனாலும் கேட்பார்கள்.

இப்போது முக்கியமான ஒன்று, இது எனக்கே நேற்றுத்தான் ஒருவர் சொல்லித் தெரிந்தது. கேஸினால் தீ பிடித்திருந்தால், எண்ணெய் நிறுவனங்களே எல்லா வாடிக்கையாளருக்கும் சேர்த்து ஒரு காப்பீடு போட்டு வைத்திருக்கின்றன. நாம் பிரீமியம் கட்டத் தேவையில்லை. இணைப்பு எந்த வீட்டு முகவரியில் பதிவாகியிருக்கிறதோ அந்த வீட்டில் விபத்து நடந்தால், பொருள் சேதத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை கேட்கலாம். கேட்கலாம் என்றுதான் சொல்கிறேன், கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லவில்லை. உங்கள் இணைப்பு அந்த முகவரியில்தான் இருக்கிறது. உடனே ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அவர்கள் மேலே அனுப்ப வேண்டும், ஆள் வந்து பார்ப்பார்கள். வந்து பார்க்கிறபோது பார்க்க ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா? அதற்குத்தான் சாம்பலை அள்ளாதீர்கள் என்று முதல் வரியிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். உருகின அந்த ட்யூபையும் ரெகுலேட்டரையும் இருந்த இடத்திலேயே விடுங்கள். தீயணைப்பு நிலையத்தில் கொடுக்கிற அறிக்கையில் காரணம் என்று என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தம்பியைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘தீ விபத்து’ என்று மட்டும் இருந்தால் காரணத்தையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

மனுவை நான் எழுதிவிட்டேன். தாசில்தாருக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று, ஏஜென்சிக்கு ஒன்று. எதைக் கொடுத்தாலும் கொடுத்ததற்கு முத்திரையோடு ரசீது வாங்காமல் நகரக் கூடாது. ஐந்து தடவை நடந்ததில் நான் படித்த ஒரே பாடம் இது. “குடுத்துட்டுப் போங்க, பாக்குறோம்” என்று அவர்கள் சொல்கிற குரல் ரொம்பத் தன்மையாக இருக்கும், அதை நம்பி முதல் இரண்டு மனுவை அப்படியே விட்டுவிட்டு வந்தேன், அவை இன்னும் ஏதோ ஒரு மேசையில் தூங்குகின்றன. அவர்களையும் முழுசாகக் குறை சொல்ல மாட்டேன், ஒரு மனுசன் தலையில் எத்தனை ஊரைத்தான் கட்டுவார்கள். அதனால்தான் நம் கையில் ஒரு எண் இருக்க வேண்டும்.

வீடு விஷயம் அப்புறம். கனவு இல்லத்தில் 3.5 லட்சம் என்று 2024-ல் சொன்னார்கள், 360 சதுர அடி, சொந்தப் பட்டா வேண்டும். அது நமக்கு இருக்கிறது. ஆனால் அதை ஊராட்சி வழியாகப் பார்க்க வேண்டும், அதற்கு நாளாகும், இப்போதைக்கு அதைப் பேசி அத்தைக்கு ஆசை காட்ட வேண்டாம். மழைக்கு முன்னால் ஒரு தகரக் கொட்டகை போட முடிந்தாலே போதும் என்று நினைத்துக்கொள்வோம். அதுவரைக்கும் அத்தையையும் தம்பியையும் இங்கே அனுப்புங்கள் என்றால் கேட்க மாட்டீர்கள். மாட்டைக் காரணம் சொல்வீர்கள்.

திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் கூட்டம். முதல் பஸ்ஸில் வந்துவிடுங்கள், நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். வேலைக்கு லீவு சொல்லியாயிற்று, அதனால் அந்தச் சாக்கும் எடுபடாது. அந்த எரிந்த ரேஷன் கார்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வாருங்கள், சட்டைப்பையில் வைக்காதீர்கள், உடைந்துவிடும். நீங்கள் பேச வேண்டாம். நான் பேசுகிறேன், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

இன்னொன்று, தண்ணீர் பாட்டில் கொண்டு வராதீர்கள். வாசலில் போலீஸ்காரர்கள் ஒவ்வொரு பையையும் திறந்து, பாட்டிலை மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள், யாரும் மண்ணெண்ணெய் கொண்டு வந்துவிடக் கூடாது என்று. வீடு எரிந்து வந்திருக்கிற உங்களை அப்படி ஒருவர் மோந்து பார்ப்பதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. தாகம் எடுத்தால் வெளியே வந்து பன்னீர் சோடா வாங்கித் தருகிறேன்.

உங்கள் அன்பு மருமகள்