பொன்னுருவி வேடம் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

கடலூர்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன திங்கட்கிழமை பள்ளி விட்ட பிறகு பெற்றோர் ஆறு பேர் என் அறைக்கு வந்தார்கள். ஆண்டு விழாவில் 'கர்ண மோட்சம்' தெருக்கூத்து நடக்கப் போகிறது, அதில் கர்ணனின் மனைவி பொன்னுருவியாக ஓர் ஆண் ஆடுகிறார் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். ஓர் அப்பா தன் கைப்பேசியில் அமெரிக்காவில் எடுத்த வீடியோ ஒன்றைக் காட்டினார். பளபளக்கும் கவுன், பெரிய சவுரி, கண்ணிமை வரைக்கும் ஜிகினா என்று ஓர் ஆண் நிற்கிறார். சுற்றிலும் குழந்தைகள். "இதைத்தான் இங்கேயும் கொண்டுவரப் போறீங்களா டீச்சர்?" என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. அவரைப் போலவே இன்னும் பலர் யோசித்துக்கொண்டிருப்பீர்கள் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த வீடியோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் பெண்ணைப் போல மிகையாக அலங்கரித்துக்கொண்டு மேடையேறுவதை அங்கே டிராக் என்கிறார்கள். மதுக்கூடத்தில் ராத்திரி பெரியவர்களுக்காக நடப்பதற்கும் அதுதான் பெயர். அதே மாதிரி வேடம் போட்டுக்கொண்டு நூலகத்தில் உட்கார்ந்து குழந்தைகளுக்குக் கதைப் புத்தகம் படித்துக் காட்டுவதற்கும் அதுதான் பெயர். இந்தக் கதை நேரம் 2015இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால் சண்டையும் பெரிதாகிவிட்டது. பிள்ளைகள் பார்க்கக்கூடிய இடத்தில் பெரியவர்களுக்கான ஆட்டம் கூடாது என்று டென்னசி மாநிலம் 2023இல் ஒரு சட்டம் போட்டது. ஒரு நீதிபதி அது செல்லாது என்றார். 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்குப் போட்ட நாடகக் குழுவுக்கு வழக்காடும் தகுதியே இல்லை என்று சொல்லி அந்தத் தீர்ப்பை மாற்றியது. அந்த ஊர் வழக்கை நாம் இங்கே தீர்க்க முடியாது. ஆனால் அதில் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. பெரியவர்களுக்கென்று நடக்கும் ஆபாசமான ஆட்டத்தைத் தன் பிள்ளை பார்க்கக் கூடாது என்று ஒரு தாயோ தகப்பனோ நினைத்தால், அது நியாயமான நினைப்பு. அந்த ஆட்டத்தை ஆடுவது ஆணா பெண்ணா என்பதால் அது மாறிவிடாது. நம் ஊர்த் திருவிழாக்களில் சினிமாப் பாட்டுக்கு ஆபாசமாக ஆடும் ரெக்கார்டு டான்ஸில் பெரும்பாலும் ஆடுவது பெண்கள்தான். அதைப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டுதான் பார்த்தோம்.

நான் பண்ருட்டிப் பக்கம் பிறந்தவள். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் திருவிழாவில் ராத்திரி பூரா கூத்து நடக்கும். பாட்டி மடியில் பாதி தூக்கத்தில் கிடப்பேன். திரௌபதியின் துகிலை உரியும் கதை நடக்கும் நாளன்று மட்டும் உலுக்கி எழுப்பிவிடுவாள். "அம்மா வந்துட்டா, எழுந்து உக்காருடி." திரௌபதியாக வந்தவர் பகலில் எங்கள் கொல்லையில் கரும்பு வெட்டுகிறவர். பாட்டி கையால் கூழ் வாங்கிக் குடித்தவர். அது பாட்டிக்குத் தெரியாதா? தெரிந்துதான் தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள். அவிழ்ந்த சவுரி தோளில் புரள அவர் கதறும்போது எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் அழுதார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்கு அன்றைக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான், ஒரு பெண்ணைச் சபையில் அவமானப்படுத்துவது எவ்வளவு பெரிய பாவம் என்பது. அதை எனக்குப் புரியவைத்தவர் சேலை கட்டிய ஓர் ஆண்.

இது எங்கள் ஊரோடு முடிகிற விஷயமும் இல்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் ஒன்று பேடி ஆடல், காமன் பெண் கோலம் பூண்டு ஆடியது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் பக்கத்துப் புதுச்சேரியில்தான் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. அவர் நடத்திய பாலர் நாடக சபையில் பெண் வேடங்களும் பையன்களுக்குத்தான். அங்கே வளர்ந்த நாடக நடிகர் டி.கே. சண்முகம் ஔவையாராக நடித்ததால்தான் அவ்வை சண்முகம் ஆனார். சிறுவனாக இருந்தபோது சீதையாக நடித்தவர் சிவாஜி கணேசன். திருப்பிப் பார்த்தால், 1935இல் வந்த படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள் என்ற பெண்.

ஆனால் பழசு என்ற ஒரே காரணத்துக்காக எதுவும் பிள்ளைகளுக்கு ஏற்றதாகிவிடாது. நடுராத்திரிக்கு மேல் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் பேசுகிற சில பேச்சு எனக்கே கூசும். அது அந்த நேரத்துக்கும் அந்தக் கூட்டத்துக்கும் உரியது. கூத்து வாத்தியாரிடம் இதை நேராகவே சொன்னேன். அவர் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. "பள்ளிக்கூடத்துக்குத் தனியா வச்சிருக்கேம்மா" என்றார். எழுபது நிமிடத்துக்குச் சுருக்கியிருக்கிறார். இரட்டை அர்த்தப் பேச்சு ஒன்றுகூட இல்லை. தமிழாசிரியையும் நானும் முழு ஒத்திகையையும் உட்கார்ந்து பார்த்தோம்.

அன்றைக்கு ஒத்திகைக்கு முன்னால் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் சிலரைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பனை பார்க்க விட்டோம். பொன்னுருவியாக ஆடுகிறவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கைக்கண்ணாடியை முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்தார். புருவம் எழுத ஈர்க்குச்சி. ஒரு பையன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான், "தாத்தா, நீங்க இப்ப அக்காவா?" அவர் சிரிக்கவில்லை. "சேலை கட்டினா பொன்னுருவி. அவுத்துட்டா உன் தாத்தா மாதிரி நானும் ஒரு தாத்தா. நீ ராஜா வேஷம் போட்டா ராஜா ஆயிடுவியா?" என்றார். பையன் கொஞ்சம் யோசித்து, "கூத்து முடியற வரைக்கும்" என்றான். இதைவிட நன்றாக நான் விளக்கியிருக்க முடியாது.

அன்று வந்த ஓர் அம்மா தயங்கித் தயங்கி, "இதைப் பார்த்துப் பையன் மனசு மாறிடாதா?" என்று கேட்டார். வேடம் பார்த்து யாரும் திருநங்கை ஆவதில்லை அம்மா. ஆவதாக இருந்தால் தலைமுறை தலைமுறையாக விடிய விடியக் கூத்துப் பார்த்த நம் மாவட்டத்தில் என்ன ஆகியிருக்க வேண்டும்? மேடையில் பெண்ணாக ஆடுவது வேறு, தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழ்வது வேறு. அப்படி உணர்கிற பிள்ளை ஒன்று நம் பள்ளியில் இருந்தால், அதற்கும் இது தாய்வீடுதான். பள்ளியில் பாகுபாடு காட்டக் கூடாது என்று திருநர் உரிமைகளுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது.

எனக்குப் பயம் வேறு இடத்தில் இருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆண்டு விழாவுக்கு ஒரு காமெடி நாடகம் போட்டோம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு 'லேடி கெட்டப்'. மென்மையாக நடப்பான், மெதுவாகப் பேசுவான் என்பதால் ஆசிரியர்கள்தான் அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். நாடகம் முழுக்க அவனை இடுப்பில் கிள்ளுவதும், தலையில் தட்டுவதும், "அய்யே" என்பதும்தான் ஜோக். அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த நானும் சிரித்தேன். அடுத்த வாரம் கழிவறைச் சுவரில் அவன் பெயரை எழுதி, பக்கத்தில் ஓர் அசிங்கமான வார்த்தையும் எழுதியிருந்தார்கள். அரையாண்டுக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவே இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் நின்றபடியே, "நான் வரல மிஸ்" என்றான். அவ்வளவுதான். இன்றைக்கும் டிவியில் அதே மாதிரி ஜோக்கைக் குடும்பத்தோடு பார்த்துச் சிரிக்கிறோம், யாரும் வந்து என்னிடம் புகார் சொன்னதில்லை. பிள்ளைகளைக் கெடுப்பது அந்தச் சிரிப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன். பொன்னுருவியைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். போருக்குப் புறப்படும் கர்ணனோடு அவள் பேசுகிற இடத்தில் எங்கள் தமிழாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆகவே கூத்து நடக்கும். பொன்னுருவியாக அவரே ஆடுவார்.

இதற்குப் பிறகும் மனம் ஒப்பாதவர்கள் இருந்தால் எனக்கு வருத்தமில்லை. புதன்கிழமை மாலை மூன்றரை மணிக்கு மறுபடி ஒத்திகை இருக்கிறது. நீங்களே வந்து முழுதும் பாருங்கள். பார்த்த பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் வகுப்பாசிரியரிடம் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். கூத்து நேரத்தில் உங்கள் பிள்ளை நூலக அறையில் ஓர் ஆசிரியரோடு இருக்கலாம். ஏன் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டோம், மற்ற பிள்ளைகள் கேலி செய்யாமலும் பார்த்துக்கொள்வேன்.

விழா வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு. கூத்தை மேடையில் வைக்கவில்லை, வேப்ப மரத்தடியில் மண்தரையில்தான் ஆடுகிறார்கள். நாற்காலி பெரியவர்களுக்கு மட்டும். பிள்ளைகளிடம் ஆளுக்கொரு பாய் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்