அந்தக் கசெற்றைத் தேடிப் பார் மச்சான்

முள்ளியவளை,
பங்குனி, வெள்ளிக்கிழமை.

அன்பு மச்சான்,

நேற்று எங்களுக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியாரின் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. செத்தவீட்டன்று நீ ரெலிபோனில் அழுதபோது எனக்கும் வாய் வரவில்லை. அரிவி வெட்டும் முடிந்து இன்றைக்குத்தான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

அஞ்சலிக் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் மேடைகளையும் பொன்னாடைகளையும்தான் சொன்னார்கள். எனக்கு அந்த முற்றம்தான் கண்ணுக்குள் நின்றது. பின்னேரத்தில் வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து, இளையவளை முன்னால் இருத்தி, அவர் பேன் பார்ப்பார். கை தலையில், வாய் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கதையில். மதுரையை எரித்துவிட்டு வந்த அம்மன் நந்திக்கடற்கரையில் கிழவியாக இருந்தது, மாடு மேய்த்த பெடியள் புக்கை பொங்கிக் கொடுத்தது, விளக்குக்கு எண்ணெய் இல்லையென்று கடல்நீரை விட்டு எரித்தது. கடைசியில் கிழவி தலையில் பேன் பார்க்கச் சொல்ல, மயிரை விலக்கினால் தலை முழுக்கக் கண்கள்! அந்த இடம் வந்ததும், "ஐயோ, உனக்கும் ஒண்டு முளைக்குது பிள்ளை" என்பார். அவள் வீறிட்டுக்கொண்டு குசினிக்குள் ஓடுவாள். நாங்கள் பத்துத்தரமாவது கேட்டிருப்போம், பத்துத்தரமும் ஓடினாள்.

அவரின் மனிசி, எங்கள் மாமிக்கு முட்டு இழுக்கிற நாட்களில் சமையலும் அவர்தான். கூத்துப் பழக நாங்கள் போய் நின்றால், "நீங்கள் காப்பைப் பாடத் தொடங்குங்கோ, அவ சாப்பிட்டு முடிய வாறன்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஊர்ப் பெரியவர்கள் வந்திருந்தாலும் அதே பதில்தான்.

நீ கண்ணகிக்கு ஆடப் பழகியது ஞாபகமிருக்கா? சிலம்போடு பாண்டியன் சபைக்குள் போகிற நடை உனக்கு வரவேயில்லை. மூன்றாம் இரவு தாளத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பாண்டியனை ராசா எண்டு நினைச்சு நடக்காதை. உன்ரை நெல்லைத் தராதவன்ரை வாசலுக்குப் போறாய் எண்டு நட." அது அவருடைய தாயின் நடை. தகப்பன் செத்த வருசம் குத்தகை நெல்லுக்காக அந்த மனிசி வாசல் வாசலாய் நடந்தபோது, பின்னால் சேலையைப் பிடித்துக்கொண்டு போன பிள்ளை அவர். இதை அவர் எனக்குச் சொன்னது எவ்வளவோ காலத்துக்குப் பிறகு, ஒரு நாள் தண்ணிமுறிப்பு வாய்க்காலில் தண்ணிக்குக் காவலிருந்த இரவில். உனக்குச் சொன்னாரோ தெரியாது.

2008 மார்கழியில் சண்டைக்குள் ஊரை விட்டு வெளிக்கிடும்போது மத்தளத்தை வீட்டில் விட்டார். கூத்துக் கொப்பியைப் பொலித்தீனில் சுற்றிக் கிணற்றடியில் தாட்டார். அவரின் மூத்தவன் மாத்தளனில் எங்களை விட்டுப் போய்விட்டான். அதைப்பற்றி அவர் என்னோடு ஒருநாளும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. செட்டிகுளம் முகாமில் ஒரு நாள் அவர்களின் கூடாரத்துக்குப் போனேன். அந்த வெக்கைக்குள் குனிந்திருந்து மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அப்போது இருபது தாண்டியிருக்கும். கதை சொல்லவில்லை. விரல் மட்டும் அசைந்தது. நான் கூப்பிடாமலே திரும்பி வந்துவிட்டேன்.

ஊருக்கு வந்து கிண்டினால் கொப்பியைக் கறையான் தின்றிருந்தது. அவர் சொல்லச் சொல்ல அந்த மகள்தான் கோவலன் கூத்து முழுவதையும் புதுக் கொப்பியில் எழுதினாள். கோவலனை வெட்டக் கொண்டுபோகிற இடம் வந்ததும் எழுந்து மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போய்விடுவாராம். அந்தப் பக்கங்கள் நிரம்ப இரண்டு வருசம் எடுத்தது என்றாள். கண்ணகி புலம்புகிற பாட்டுக்களை வரியாகச் சொன்னாரே தவிர, இராகத்தோடு பாடவேயில்லை.

இப்போது பேத்தி பள்ளிக்கூடத்தில் கண்ணகிக்கு ஆடப்போகிறாள். வரிகள் கொப்பியில் இருக்கின்றன. அவர் இழுக்கிற அந்த இழுவை ஒருவரிடமும் இல்லை. பிற்பாட்டுக்கு நின்ற கிழவர்கள் மூன்று பேரும் மூன்று விதமாய் இழுக்கிறார்கள். அதுக்காகத்தான் கேட்கிறேன்: 1993இல் நாங்கள் பதிந்த கசெற் உன்னிடம்தானே? பற்றரி கிடைக்காத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் றெக்கோடரைப் பூட்டி, நீ பெடலைக் கையால் சுற்றச் சுற்ற அவர் பாடினார். உன் கை களைத்த இடங்களில் குரல் கீச்சென்று உயரும், சில்லுச் சத்தமும் கேட்கும். இருக்கட்டும். மகளிடம் சொன்னேன், "அப்பான்ரை குரல் எப்பிடிக் கேட்டாலும் காணும் அண்ணை" என்றாள்.

பெட்டிகளைக் கிளறிப் பார். கிடைத்தால் நீயாகப் போட்டுக் கேட்டுப் பார்க்காதை, பழைய நாடா, அறுந்துவிடும். தபாலிலும் போடாதை. வைகாசிப் பொங்கலுக்கு உங்கடை பக்கத்திலிருந்து யாராவது வருவார்கள், கையில் கொடுத்துவிடு. நீயே கொண்டுவந்தால் இன்னும் நல்லது. மாமி உன்னைக் கேட்டபடி இருக்கிறா.

உன் வாங்குத் தோழன்