பிரெஞ்சு இலக்கணத்த தமிழ்ல சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் பெங்களூரு அல்சூர்ல இருக்கேன், வர்ற ஜூன்ல இருந்து ஒரு ஸ்கூல்ல பசங்களுக்கு பிரெஞ்சு சொல்லித்தரப் போறேன், அதனால காலேஜ்ல படிச்ச கிராமர மறுபடி முதல்ல இருந்து புரட்டிட்டு இருக்கேன். சரளமா பேசுறது வேற, ஏன்னு கேட்டா விளக்குறது வேறங்க. 'அவள் போனாள்'ங்கறதுக்கு 'எல் எ அலே'ன்னு சொல்லணும், எழுதும்போது பெண்பாலுக்குன்னு கடைசியில ஒரு ஈ எழுத்து கூடும் ஆனா காதுக்கு வித்தியாசமே தெரியாது, இத எந்தப் பையனுக்கு வெறும் இங்கிலீஷ்ல புரிய வைக்கிறது?

நம்ம பிள்ளைங்களுக்கு பாதி கிராமர் வீட்டுலயே இருக்கு. பிரெஞ்சுல வர்ற தூ, வூ ரெண்டும் நம்ம நீ, நீங்க தானே, ஒருத்தரையே மரியாதையா பன்மையில கூப்பிடுறது உட்பட. இங்கிலீஷ்ல எல்லாருக்கும் ஒரே யூ. ஆனா நாம, நாங்க ரெண்டுக்கும் அங்க நூ ஒண்ணுதான். பால் தான் கஷ்டம், நமக்கு அஃறிணைல ஆண் பெண் கிடையாது, அங்க நாற்காலி பெண், புத்தகம் ஆண், புத்தகத்தக் குறிக்கிற அதே லிவ்ர்ங்கற சொல் பெண்பாலா வந்தா பவுண்டு!

புதுச்சேரி பக்கத்துலயே இருந்தும் இப்படி தமிழ வச்சு விளக்குற பாடம் என் கைக்கு கிடைக்கல. உங்க மாணவர் பக்கத்துல வாரம் ஒரு சின்ன பகுதி போடுங்க சார், தயவுசெஞ்சு.

ஒரு வாசகி, பெங்களூரு