வாத்தியார் குரல் இருக்கும் டிஸ்க்

அன்பு நண்பா,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்ட வேண்டியதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் நலம். அக்காவுக்கு முழங்கால் வலி தேவலை. உன் மஞ்சள் டார்ச் என்னிடம்தான் இருக்கிறது, கேட்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை ராத்திரி என் கம்ப்யூட்டர் எரிந்துபோய்விட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போதே 'டப்' என்று சத்தம், திரை இருண்டது. அடுத்த நொடி பிளாஸ்டிக் கருகலும் மீன் வாடையும் கலந்த மாதிரி ஒரு நாற்றம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஜன்னலைத் திறந்தேன். இன்னொரு தடவை பட்டனை அழுத்திப் பார்க்கலாமா என்று விரல் துடித்தது. கருகல் வாடை வந்த பெட்டிக்குத் திரும்ப மின்சாரம் கொடுக்காதே என்று நீ ஒரு நாள் கத்தினாயே, அதனால் தொடவில்லை.

காலையில் பக்கத் தகட்டைக் கழற்றி ஒவ்வொரு இடமாக மோந்து பார்த்தேன். மதர்போர்டில் மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டர் எதுவும் தலை வீங்கவில்லை, கருகலும் இல்லை. எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிப் பக்கம் போனால் குமட்டியது. அதைத் திறக்கவில்லை. பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

தம்பியிடமிருந்து வேறொரு எஸ்எம்பிஎஸ் வாங்கி வந்தேன். அதைத் தனியாக ஓடவிட, பச்சை ஒயரையும் கறுப்பையும் கம்பியால் சேர்த்த பிறகு பிளக்கைச் செருகி அளந்தேன். மஞ்சள் ஒயரில் 12.1 வோல்ட், சிவப்பில் 5.0. சரி, நல்லதுதான். அதன் கூடவே வந்த கேபிள்களையே போட்டேன். பழைய கேபிள்கள் அதே மாதிரி பொருந்தினாலும் முள்வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதில் டிஸ்க்கே எரியும். எல்லாவற்றையும் மாட்டி ஆன் செய்தால் ஃபேன் ஒரு துடி துடித்து நின்றது. திரும்பவும் அதே கதி. எங்கோ ஷார்ட். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துத் திரும்ப மாட்டிக்கொண்டே வந்தேன். கோளாறு கிராஃபிக்ஸ் கார்டில் இல்லை, ராமிலும் இல்லை. பழைய ஹார்டு டிஸ்க்கின் பவர் ஒயரை உருவினேன், திரை வந்துவிட்டது.

நண்பா, வாத்தியார் பேசினதெல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது. கடைசி மூன்று வருஷம் நாம் மாறி மாறிப் பதிவு செய்தோமே, 11 மணி நேரம், எல்லாம் அதில் மட்டும்தான். வேறெங்கும் ஒரு பிரதி எடுத்து வைக்கவில்லை. உன்னிடமாவது ஏதாவது இருக்கிறதா? அவர் இருமிவிட்டு "எங்கே விட்டேன்?" என்று கேட்பது இரண்டு நாளாகக் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சரியாகத் தூங்கவில்லை.

ஒரு நம்பிக்கை இருக்கிறது. டிஸ்க்கின் அடியில் இருக்கும் பச்சை போர்டில், பவர் வரும் இடத்துக்குப் பக்கத்தில், டிவிஎஸ் டயோடு இரண்டு இருக்குமே. வோல்டேஜ் எகிறினால் தான் ஷார்ட் ஆகி மற்றதைக் காப்பாற்றும். மீட்டரை வைத்தேன். 12 வோல்ட் பக்கத்து டயோடு, மீட்டர் முனைகளை எப்படி மாற்றி வைத்தாலும் ஒரு ஓம்கூடத் தடை காட்டவில்லை, அதாவது ஷார்ட். எஸ்எம்பிஎஸ் போகும்போது 12 வோல்ட்டை எகிறவிட்டிருக்கிறது, இது குறுக்கே நின்றிருக்கிறது என்று நினைக்கிறேன். அது ஒன்று மட்டும் போயிருந்தால், அதை எடுத்துவிட்டால் டிஸ்க் சுற்றும்.

வேறு போர்டு மாட்டலாம் என்று சொல்லாதே. அந்த டிஸ்க்குக்கே உரிய விவரங்கள் போர்டில் உள்ள ஒரு சிப்பில் இருக்கும், அதையும் பெயர்த்து மாற்ற வேண்டிவரும். கெட்ட டிஸ்க்கிலிருந்து பதிவுகளை எடுத்துத் தரும் மீட்புக் கூடத்துக்கு அனுப்பவும் யோசித்தேன். டயோடை எடுத்தும் டிஸ்க்கின் உள்ளே இருக்கும் தட்டு சுற்றவில்லை, அல்லது டக் டக்கென்று சத்தம் கேட்கிறது என்றால், உடனே நிறுத்திவிட்டு அங்கேதான் அனுப்ப வேண்டும்.

எனக்குக் கை நடுங்கும், உனக்குத் தெரியும். இதை நீ செய்தால்தான் எனக்கு நிம்மதி. 2 டெராபைட் புது டிஸ்க் வாங்கி வைத்திருக்கிறேன். டயோடு இல்லாத டிஸ்க்குக்குக் காவல் கிடையாது, அதனால் அது எழுந்தவுடன் வாத்தியார் ஃபோல்டரைத்தான் முதலில் நகல் எடுக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

ஞாயிறு வர முடியுமா? அந்த மெல்லிய முனை சால்டரிங் அயர்னைக் கொண்டு வா. டார்ச்சைத் தந்துவிடுகிறேன்.

உன் நண்பன்